சிக்ஸ்-செவன்ட்டி-ஒன்: ஒரு ப்ளோயருக்குப் பெயர் வந்த வழி

பானெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் ஓர் அலுமினியப் பெட்டி. அதன் முன்புறம் கையகலத்துக்குப் பல் வைத்த பெல்ட். உச்சியில் காற்றை விழுங்குகிற வாய். பழைய அமெரிக்க மஸில் கார் என்றதும் பலருக்கு மனத்தில் எழுவது இந்த உருவம்தான். அந்தப் பெட்டியைப் புத்தகங்கள் சூப்பர்சார்ஜர் என்று சொல்லும். வண்டி கட்டுகிறவர்கள் அப்படிச் சொல்வது குறைவு. ‘ரூட்ஸ்’ என்பார்கள், ‘ப்ளோயர்’ என்பார்கள், வயதானவர்கள் ‘ஜிம்மி’ என்பார்கள். அளவு சொல்லிக் கேட்கும்போது ‘சிக்ஸ்-செவன்ட்டி-ஒன்’ என்பார்கள்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது நன்னூல். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவந்தால் அது ஆகுபெயர். இந்த ஒரு பெட்டிக்கு வழங்கும் பெயர்களில் அந்த இலக்கணத்தில் பாதியைக் காட்டிவிடலாம். செய்தவன் பெயரால் வந்தது ஒன்று, செய்கிற தொழிலால் வந்தது ஒன்று, மருவி வந்தது ஒன்று, எண்ணாலும் கொள்ளளவாலும் வந்தது ஒன்று. கடைசிப் பெயரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கையில் காசில்லாத இளைஞர்கள் காயலான் கடையில் எடுத்த பொருளின் பெயர் அது. இன்று அந்தப் பெயருக்கே விலை ஏறிவிட்டது. சிக்கனமாக வண்டி கட்ட நினைக்கிற ஒருவர் இந்தப் பெயரின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் காசு மிச்சமாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ரூட்ஸில் தொடங்குவோம். ஆங்கிலத்தில் அதற்கு வேர்கள் என்று பொருள் இருந்தாலும் இங்கே அதற்கு வேலையில்லை. இது ஒரு குடும்பப் பெயர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊர். அங்கே பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் மரியன் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலையை ஓட்டிய தண்ணீர்ச் சக்கரத்தைவிட மேலான ஒன்றைச் செய்யப்போய், எட்டு வடிவத்தில் இரண்டு ரோட்டர்களை ஒன்றோடொன்று இணங்கிச் சுழலும்படி ஒரு கூட்டுக்குள் வைத்தார்கள். மரத்தில் செய்த ரோட்டர் தண்ணீரில் ஊறிப் புடைத்து இறுகிக்கொண்டது. அதைச் சரிசெய்து வெறுமனே சுழற்றிப் பார்த்தபோது அடித்த காற்றில் பக்கத்தில் நின்றவரின் தொப்பி பறந்ததாம். தொப்பிக் கதை எவ்வளவு உண்மையோ, 1860இல் அவர்கள் காப்புரிமை பெற்றது காற்றை ஊதும் கருவிக்குத்தான்.

அந்தக் கருவி காருக்கு வந்து சேர அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது, சுரங்கங்களுக்குள் நல்ல காற்றைச் செலுத்தியது. நம் கொல்லுப்பட்டறையில் துருத்தி செய்த வேலைதான், அளவு மட்டும் பெரிது. 1870இல் நியூயார்க் பிராட்வே சாலைக்கு அடியில் ஆல்ஃபிரட் பீச் என்பவர் காற்றால் தள்ளப்படும் ஒரு சுரங்க ரயிலை ஓட்டிக் காட்டினார். அந்தப் பெட்டியைத் தள்ளியதும் ஒரு ராட்சத ரூட்ஸ் ஊதிதான். இப்படி ஒரு குடும்பத்தின் பெயர் கருவியின் பெயராகிப் பிறகு ஒரு வகைக்கே பெயராயிற்று. திருவள்ளுவரைப் படித்தேன் என்றால் திருக்குறளைப் படித்தேன் என்று கொள்கிறோமே, அதே கருத்தாவாகுபெயர். இன்று எந்தக் கம்பெனி செய்தாலும், இதே முறையில் இயங்கும் இரட்டை ரோட்டர் ப்ளோயர் என்றால் அது ‘ரூட்ஸ்’ வகை.

ஜெர்மானியர்கள் வேறு பெயர் வைத்தார்கள். 1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் தன் ப்ளோயர் பூட்டிய கார்களை வைத்தபோது ‘கொம்ப்ரஸர்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. அழுத்துவது என்று பொருள். ரூட்ஸ் கருவிக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்பதே என் கருத்து. ரோட்டர்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை, பின்னால் உள்ள கியர்களே அவற்றை ஒரு மயிரிழை இடைவெளியில் இணங்க வைக்கின்றன. ரோட்டரின் பள்ளத்தில் அகப்பட்ட காற்று கூட்டின் சுவரோரமாகச் சுமந்து செல்லப்பட்டு மறுபக்கம் கொட்டப்படுகிறது, அவ்வளவுதான். பெட்டிக்குள் அது அழுத்தப்படுவதில்லை. எஞ்சின் குடிக்கக்கூடியதைவிட அதிகமாகக் கொட்டுவதால் வெளியே மேனிஃபோல்டில்தான் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே ஊதி என்று பொருள்படும் ‘ப்ளோயர்’தான் உண்மையான காரணப்பெயர். (மெர்சிடிஸ் எஸ்எஸ்கே காரின் கடைசி எழுத்தைப் பலர் கொம்ப்ரஸர் என்று விரிக்கிறார்கள். அது ‘கூர்ட்ஸ்’, குட்டை என்று பொருள், சக்கர இடைத்தூரம் குறைக்கப்பட்டதால் வந்தது.)

பிரிட்டனில் ப்ளோயர் என்பது ஒரு காரின் பெயராகவே நின்றுவிட்டது. டிம் பர்கின் என்ற பந்தய வீரர், நாலரை லிட்டர் பென்ட்லி எஞ்சினின் முன்னால், ரேடியேட்டருக்கும் முன்பாக, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ப்ளோயரைப் பூட்டினார். 1930 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அந்தக் கனத்த வண்டி இரண்டாவதாக வந்தது. கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, தம் வடிவமைப்பைக் கெடுப்பதாகவே நினைத்தார். ஆனால் மக்கள் நினைவில் நின்றது ‘ப்ளோயர் பென்ட்லி’ என்ற பெயர்.

சூப்பர்சார்ஜர் என்ற சொல்லில் ‘சார்ஜ்’ என்பது சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் போகிற காற்று, எரிபொருள் கலவை. வழக்கத்துக்கு மேல் அதைத் திணிப்பது ‘சூப்பர்’. உயரத்தில் மெலிந்துபோகும் காற்றை ஈடுகட்ட விமானக்காரர்கள் இந்தக் கருவியை நாடினார்கள். புகைபோக்கியில் வெளியேறும் வாயுவால் சுழல்வதை அவர்கள் ‘டர்போசூப்பர்சார்ஜர்’ என்றார்கள். நாவுக்கு நீளமாக இருந்ததால் நடுப்பகுதி உதிர்ந்து டர்போசார்ஜர் ஆயிற்று, அதுவும் தேய்ந்து டர்போ ஆயிற்று. பெல்ட்டால் ஓடுவது மட்டும் சூப்பர்சார்ஜர் என்று தங்கிவிட்டது.

இனி அந்த எண்.

1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு டீசல் எஞ்சின் வரிசையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 71 கன அங்குலம். எத்தனை சிலிண்டர் வேண்டுமானாலும் சேர்க்கலாம், உதிரிபாகங்கள் பொது. மூன்று சிலிண்டர் என்றால் 3-71, நான்கு என்றால் 4-71, ஆறு என்றால் 6-71. முதல் எண் எண்ணல், இரண்டாவது முகத்தல். இரண்டு அளவைகளையும் சேர்த்து ஒரே பெயரில் வைத்த இதைப் போல நேர்மையான பெயரிடல் மோட்டார் உலகில் அரிது. பெருக்கினால் எஞ்சினின் மொத்த அளவே வந்துவிடும். ஆறு எழுபத்தொன்று 426.

இது இருவீச்சு டீசல். நான்குவீச்சு எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை உறிஞ்ச ஒரு வீச்சு தனியாக உண்டு. இதில் அது கிடையாது. பிஸ்டன் அடியில் வரும்போது சிலிண்டர் சுவரைச் சுற்றியுள்ள துளைகள் திறக்கும். அந்த நொடியில் வெளியிலிருந்து யாராவது காற்றை ஊதினால்தான் எரிந்த புகை மேலே வால்வு வழியே வெளியேறிப் புதுக்காற்று நிரம்பும். அதற்காக எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு ரூட்ஸ் ப்ளோயரை மாட்டினார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: டீசலில் அது சூப்பர்சார்ஜர் அல்ல. அது இல்லாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சே கிடையாது.

இரண்டாம் உலகப்போரில் இந்த எஞ்சின் எங்கும் பரவியது. நார்மண்டிக் கரையில் வீரர்களை இறக்கிய படகுகளை ஓட்டியது 6-71இன் கடல்வடிவம். ஷெர்மன் டாங்கியின் எம்4ஏ2 வகையில் இரண்டு 6-71 எஞ்சின்களை ஜோடியாக இணைத்தார்கள். போர் முடிந்தபின் படையின் உபரியும், தேய்ந்துபோன பஸ், லாரிகளும் காயலான் கடைகளில் குவிந்தன. அவற்றின் விலாவில் ப்ளோயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

தெற்குக் கலிஃபோர்னியாவில் வறண்ட ஏரிப்படுகைகளில் கார் ஓட்டி வேகம் பார்த்த இளைஞர்களுக்கு இது கண்ணில் படாமல் போகுமா? போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பார்னி நவாரோ என்பவர் ஒரு 3-71 ப்ளோயரை ஃபோர்டு வி8 எஞ்சின் மேல் மாட்டி ஓட்டினார். பிறகு 4-71 வந்தது, அதன் பிறகு 6-71 வந்து நிலைத்தது. லாரியின் விலாவிலிருந்து கழற்றி, வி வடிவ எஞ்சினின் நடுப்பள்ளத்தில் படுக்கவைத்து, மேலே கார்புரேட்டர்களை ஏற்றினார்கள். டீசலுக்கு மூச்சு கொடுத்த பொருள் பெட்ரோல் எஞ்சினின் தலையில் ஏறியபோதுதான் முதன்முறையாகச் சூப்பர்சார்ஜர் ஆனது. பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. அதுவரை ஆறு சிலிண்டரையும் எழுபத்தொரு கன அங்குலத்தையும் குறித்த எண், அந்த இரண்டில் எதுவுமே இல்லாத எட்டு சிலிண்டர் காரின் மேல் உட்கார்ந்துகொண்டது.

‘ஜிம்மி’ என்ற பெயரும் அந்த லாரிகளிலிருந்து வந்ததே. ஜெனரல் மோட்டார்ஸின் லாரிப் பிரிவான ஜி.எம்.சி.யின் மூன்றெழுத்தை வேகமாகச் சொன்னால் அது மருவி அப்படி ஆகிறது. 1970இல் அந்தக் கம்பெனியே ஒரு வண்டிக்கு அதிகாரபூர்வமாக ஜிம்மி என்று பெயரிட்டது. தெருவில் பிறந்த மரூஉ பெயர்ப்பலகையில் ஏறுவது அடிக்கடி நடப்பதில்லை. ப்ளோயரை ஓட்டும் பல் பெல்ட்டுக்கும் இதே பரம்பரையில் ஒரு பெயர் உண்டு. அதை ‘கில்மர்’ என்பார்கள், பெல்ட் செய்த ஒரு கம்பெனியின் பெயர் அது.

‘மஸில் கார்’ என்ற பெயர் இதற்கெல்லாம் பிந்தியது. 1964இல் பான்டியாக், நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் 389 எஞ்சினை வைத்து, முந்நூறு டாலருக்கும் குறைந்த கூடுதல் விலையில் கொடுத்தது. ஜிடிஓ என்ற பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பத்தாண்டில் இவ்வகைக் கார்களைப் பத்திரிகைகள் ‘சூப்பர் கார்’ என்றும் எழுதின. ஏழைகளுக்கான மஸில் கார் என்று சொல்லத் தக்கது 1968இன் பிளைமத் ரோட் ரன்னர். விலை 2,896 டாலரில் தொடங்கியது. உள்ளே நீளமான பெஞ்சு இருக்கை, தரைவிரிப்புகூடக் கிடையாது, எஞ்சினில் மட்டும் குறை வைக்கவில்லை. கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே 44,000க்கு மேல் விற்றது. இந்தக் கார்களில் எதற்கும் தொழிற்சாலையில் ரூட்ஸ் ப்ளோயர் பூட்டவில்லை. பெரிய எஞ்சினே போதும் என்பது டெட்ராய்ட்டின் கணக்கு. நாம் இன்று மஸில் காரோடு சேர்த்து நினைக்கிற அந்த அலுமினியப் பெட்டி முழுக்க வீட்டுப் பட்டறையின் கொடை.

1979இல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தின் கறுப்பு ஃபோர்டு ஃபால்கனில் ப்ளோயர் கம்பீரமாக நின்றது. குறைந்த செலவில் எடுத்த ஆஸ்திரேலியப் படம் அது. ப்ளோயர் எஞ்சினோடு வேலை செய்யவில்லை, காட்சிக்காக மட்டும் சுழன்றது. உருவம் பயனைத் தாண்டி ஓடத் தொடங்கிவிட்டதற்கு அது ஓர் அடையாளம்.

பெயரும் அப்படியே ஓடியது. டீசலின் உபரி தீர்ந்தபின் பந்தயப் பட்டறைகள் ப்ளோயர் கூட்டைத் தாங்களே வார்த்தன. 6-71இன் ரோட்டர் 15 அங்குல நீளம், 8-71க்கு 16. அதையே நீட்டிக்கொண்டு போய் 10-71 என்றார்கள், 14-71 என்றார்கள். 14-71இன் ரோட்டர் 19 அங்குலம். பதினான்கு சிலிண்டர் கொண்ட 71 எஞ்சினை ஜெனரல் மோட்டார்ஸ் ஒருநாளும் செய்ததில்லை. இரண்டு அளவைகளையும் சுமந்த ஆகுபெயர் இங்கே இடுகுறியாகிவிட்டது. இன்று புதிதாக விற்கிற 6-71 எந்த டீசலின் விலாவையும் பார்க்காதது. பளபளப்பாக்கிய கூடு, மேனிஃபோல்டு, புல்லி, பெல்ட், கார்புரேட்டர்கள் எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர். காசில்லாதவனின் பொருளாகப் பிறந்தது காசுள்ளவனின் அலங்காரமாகிவிட்டதை நினைத்தால் எனக்கு வருத்தமே.

ஆனால் காயலான் கடை காலியாகிவிடவில்லை. 1989இல் ஃபோர்டு தண்டர்பேர்டு சூப்பர் கூப் காரில் ஈட்டன் கம்பெனியின் எம்90 ப்ளோயர் வந்தது. 1990களின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6 எஞ்சினிலும் அதே எம்90 ஏறியது. பியூக் பார்க் அவென்யூ, பான்டியாக் போன்வில், கிராண்ட் பிரீ என்று சாதாரணக் குடும்பக் கார்கள் அவை. ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஓட்டிய அந்த வண்டிகள் உடைக்கும் யார்டுகளுக்கு வந்தபோது ப்ளோயரும் கூடவே வந்தது, புது 6-71 விலையில் ஒரு சிறு பங்குக்கு. இதுவும் ரூட்ஸ் வகைதான். ரோட்டரில் இரண்டு இதழுக்குப் பதில் மூன்று, நேராக இல்லாமல் முறுக்கி வைத்தது.

எம்90இன் எண் எதை அளக்கிறது? ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் 90 கன அங்குலக் காற்றைத் தள்ளும். எம்62, எம்112 எல்லாம் இப்படித்தான். ஆகவே பெயரிலேயே கணக்குப் போடலாம். பழைய ஷெவர்லேயில் 350 கன அங்குல எஞ்சின் இருக்கிறது என்று வையுங்கள். நான்குவீச்சு எஞ்சினில் எட்டு சிலிண்டரும் நிரம்ப க்ராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எனவே ஒரு சுற்றுக்கு 175. எம்90ஐ இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும்படி புல்லி வைத்தால் தள்ளுவது 180. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. அவ்வளவு பாடுபட்டும் பெரிய லாபமில்லை. அதே ப்ளோயரை 1965 மஸ்டாங்கின் 289 எஞ்சினில் வைத்தால் ஒரு சுற்றுக்குத் தேவை 144.5தான். ஏட்டுக்கணக்கில் கால் பங்கு கூடுதல் காற்று. சின்னப் புல்லி மாட்டினால் இன்னும் ஏறும். 350க்கு வேண்டியது ஃபோர்டு லைட்னிங் லாரியிலும் 2003 மஸ்டாங் கோப்ராவிலும் வந்த எம்112. அதை 2.2 மடங்கில் ஓட்டினால் 246. 6-71 ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலம் தள்ளும், ஆகவே க்ராங்கைவிட மெதுவாக, 0.6 மடங்கில் ஓட்டினாலே அதே 246 வந்துவிடும். கசிவும் சூடும் போக மிஞ்சுவது குறையும், எஞ்சினும் முழு வயிற்றுக்குக் குடிப்பதில்லை. ஆனாலும் எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்ல இந்தக் கணக்கு போதும்.

எஞ்சினையும் மலிவாகவே தேடலாம். 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. வலுவிழந்தவை என்று பலர் ஒதுக்கிய 1970களின் 350 எஞ்சின்களில் அது எட்டை ஒட்டி இருக்கும். ப்ளோயருக்கு அதுதான் வேண்டும். விகிதம் உயர்ந்த எஞ்சினில் காற்றைத் திணித்தால் பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளி, பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விட்டால் வார்ப்புப் பிஸ்டனே தாங்கும்.

யார்டில் எம்90ஐக் கையில் எடுத்தால் முதலில் புல்லியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். மூக்குப் பகுதிக்குள் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு உண்டு. அது தேய்ந்திருந்தால் கடகடவென்று ஆடும். பயப்பட வேண்டியதில்லை, அதை மாற்றுவது சின்ன வேலை. அடுத்து வாய்ப்பக்கம் விளக்கடித்து ரோட்டரைப் பாருங்கள். கறுப்புப் பூச்சில் கீறல் இருந்தாலோ, அலுமினியம் பளிச்சென்று தெரிந்தாலோ ரோட்டர் சுவரில் உரசியிருக்கிறது, பேரிங் போய்விட்டது என்று பொருள். அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். ஈட்டனின் பிந்தைய டிவிஎஸ் வரிசையில் எண் கன அங்குலத்திலிருந்து கன சென்டிமீட்டருக்கு மாறிவிட்டது. ஆர்1900 என்றால் ஒரு சுற்றுக்கு 1,900 கன சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 116 கன அங்குலம். எம்112க்கும் அதற்கும் கொள்ளளவில் பெரிய வேறுபாடில்லை. எண் பெரிதாகத் தெரிகிறது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

கையிருப்பு குறைவாக இருந்தும் பழைய காருக்கு ப்ளோயர் பூட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது: 6-71 என்ற பெயரை வாங்காதீர்கள். 1940களில் அந்தப் பெயர் எதற்காக மதிக்கப்பட்டதோ, அந்த மலிவும் உழைப்பும் இன்று எம்90இலும் எம்112இலும் இருக்கின்றன. உங்கள் எஞ்சினின் கன அங்குலத்தைப் பாதியாக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு யார்டுக்குப் போங்கள்.